வாயில் மிட்டாய் இருந்தபோது

ஜூன் 12, புதன்

இந்த டைரியை ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்தார். ஆறு மாதமாக நர்ஸ் ஜெசிந்தா இதன் மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டிருந்தாள். அட்டை முழுக்க வட்ட வட்டமாகக் கறை. இன்றுதான் இதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

குழந்தை டாக்டர்களுக்கான பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மனநலத்தை நம்மைப் போன்ற சாதாரண கிளினிக்கிலேயே எப்படிக் கவனிப்பது என்று சொல்லித்தருகிறார்களாம். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன், மதியம் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். பன்னிரண்டு டாக்டர்கள். நடத்துகிறவர் மதுரையில் இருக்கும் டாக்டர் ரெஹானா, குழந்தை மனநல மருத்துவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

"உங்க கிளினிக்ல நடக்கிறதை டைரியா எழுதி வைங்க. எனக்குக் காட்ட வேண்டாம். உங்களுக்கே பொய் சொல்லாம எழுதினாப் போதும்" என்றார்.

ஐம்பத்தாறு வயதில் வீட்டுப்பாடம்! பொய் சொல்லாமல் எழுதுவதென்றால் இதையும் எழுதிவிடுகிறேன்: டாக்டர் பதிவைப் புதுப்பிக்கப் பயிற்சி மணிநேரம் குறைந்தது. அதற்காகத்தான் சேர்ந்தேன்.

பாவூர்சத்திரத்தில் கிளினிக் போட்டு இருபத்தாறு வருடம். டாக்டர் செண்பகவல்லி என்று கேட்டால் யோசிப்பார்கள். மிட்டாய் டாக்டர் என்றால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். என் மேஜையில் எப்போதும் ஒரு ஜாடி நிறையத் தேன்மிட்டாய் இருக்கும். ஊசி போடும் முன் ஒன்றைக் கையில் கொடுப்பேன். வாயில் போட்டு, பாகு உடைந்து, கண் சொருகும் நேரத்தில் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பிள்ளைக்கு அழுவதா சப்புவதா என்று தெரியாது. பல் டாக்டர்களுக்கு என் மேல் கோபம் இருக்கலாம். பெற்றவர்களுக்கு இல்லை.

ஜூன் 14, வெள்ளி

மாம்பழ சீசன். அறுபத்தொரு டோக்கனில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு.

கடைசி டோக்கன் ஆவுடைச்செல்வி. பத்து வயது. மூன்று வயதில் இவளுக்கு ஆட்டிசம் என்று நான்தான் கண்டுபிடித்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. பேச்சு நாலைந்து சொற்கள்தான். அம்மா சண்முகக்கனி பீடி சுற்றுகிறவள். அப்பாவுக்குக் கேரளாவில் கட்டட வேலை.

"டாக்டரம்மா, இவ சாப்பிடவே மாட்டேங்கா. தாடையில அடிச்சு அடிச்சு வீங்கிப் போயிருக்கு, பாருங்க. தூக்கமும் கெடையாது. போர்வையப் போத்துனாலே அலறுதா" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மூணு மாசமா இருக்கும்."

ஆவுடை உள்ளே வரவில்லை. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் என் மேஜை ஜாடி மேலேயே இருந்தது. மிட்டாய்தான் வேண்டுமாக்கும் என்று ஒன்றை எடுத்து நீட்டினேன். அதைத் தட்டிவிட்டாள். தாடையில் மடேர் மடேரென்று அடித்துக்கொண்டு தெருமுனை வரை கேட்கும்படி கத்தினாள். மிட்டாய் பறந்துபோய்க் காத்திருந்த ரெப்பின் பையில் ஒட்டிக்கொண்டது.

"ஆட்டிசம்னா இப்படித்தாம்மா இருக்கும். வளர்ற வயசுல்ல, கொஞ்சம் கூடத்தான் செய்யும்" என்றேன். சளிக்குக் கொடுக்கும் சிரப்பில் தூக்கம் வரவைக்கிற ஒன்றை எழுதிக் கொடுத்தேன். தராசில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் போன தடவை எடையையே ஃபைலில் எழுதினேன். 26.5 கிலோ.

சண்முகக்கனி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 15, சனி

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. தடுப்பூசி ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை. ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 26, புதன்

இரண்டாவது வகுப்பு. ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொன்னார் டாக்டர் ரெஹானா. எனக்கு ஆவுடை ஞாபகம் வந்தாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அடித்துக்கொள்கிறாள், சிரப் கொடுத்திருக்கிறேன் என்று மளமளவென்று சொன்னேன்.

"எப்போ ஆரம்பிச்சது மேடம்?"

"பிறந்ததுல இருந்தே" என்றேன்.

"ஆட்டிசம் பிறந்ததுல இருந்து. சரி. சாப்பிடாம இருக்கிறது?"

பதினோரு சின்னக் கட்டங்களில் பதினோரு முகங்கள் என்னைப் பார்த்தன.

"ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்குப் பயம் வரும். துக்கம் வரும். நமக்கு வர்ற எல்லாமே வரும், கொஞ்சம் கூடுதலாவே வரும். அதுக்குத் தனியா வைத்தியம் இருக்கு. நாம அதையும் ஆட்டிசம் கணக்குல எழுதிட்டா, அந்தப் பிள்ளைக்கு வேற யாரு இருக்கா? திடீர்னு மாறினா, அதுக்கு முந்தின வாரம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க மேடம்."

மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடம் இந்த வேலை பார்க்கிறேன், எனக்கே பாடமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

மதியம் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் எடை 26.5. மார்ச்சில் 26.5. மே மாதம் 26.5. ஜூனில் 26.5. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதமாக ஒரே எடை. எல்லாம் என் கையெழுத்து.

நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஒட்டிய கவரோடு அப்படியே இருந்தது. பிரித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்திருக்கிறது. எதற்காக எடுக்கச் சொன்னேன் என்றும் எழுதவில்லை. சும்மா ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று சொல்லியிருப்பேன்.

அந்தத் தேதிக்கு நேராக ஆங்கிலத்தில் ஒரே வரி. மார்ச் 14. ரத்தம் எடுக்கப்பட்டது. குழந்தை ஒத்துழைக்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகள்!

ஜூன் 28, வெள்ளி

ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"ஞாபகம் இல்லியா டாக்டர்?" என்றாள். இருபது வருடமாக என்னோடு இருக்கிறாள். அவள் அப்படி என் முகத்தைப் பார்க்காமல் பேசி நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டேதான் டாக்டர் வந்துச்சு. நேரா உங்க மேஜைக்கு வந்து கைய நீட்டுச்சு. நீங்க மிட்டாய் குடுத்தீங்க. வாயில போட்டுச்சு. அப்பம் நீங்க 'ம், பிடிங்க'ன்னு சொன்னீங்க. நானும் கம்பவுண்டர் அருளப்பனும் பெட்ஷீட்டுல சுருட்டுனோம். நாலு பேரு பிடிச்சும் திமிறுச்சு. ரெண்டு கையிலயும் ரத்தம் கெடைக்கல. கால்மணி நேரம் ஆச்சு. கடைசில புறங்கையில எடுத்தோம். அந்த மிட்டாய வாயிலயே வச்சிருந்துச்சு டாக்டர், துப்பவும் இல்ல, முழுங்கவும் இல்ல. புரையேறிருமோன்னு நான்தான் வெரல விட்டு எடுத்தேன்."

கைக்குழந்தைகளைத் துணியில் சுருட்டி ஊசி போடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். பத்து வயதுப் பெண்ணை யாரும் சுருட்டமாட்டார்கள்.

நேற்று எழுதிய கடைசி இரண்டு வரி பொய். ஃபைலில் தேதியைப் பார்த்ததுமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கோடு போட்டு அடிக்காமல் விட்டுவைக்கிறேன். எனக்கே பொய் சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும்.

ஜூலை 1, திங்கள்

சண்முகக்கனிக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே, "சிரப்பு வேளாவேளைக்குக் குடுக்கத்தான் செய்யுதேன் டாக்டரம்மா" என்றாள். திட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

சிரப்பை நிறுத்தச் சொன்னேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் டோக்கனில் வரச் சொன்னேன்.

"அவ வரமாட்டா டாக்டரம்மா. ஆட்டோ பெட்ரோல் பங்க்கிட்ட திரும்புனாலே அடிச்சிக்கிட ஆரம்பிச்சிருதா. நான் மட்டும் வாரேன்."

பெட்ரோல் பங்கிலிருந்து என் கிளினிக் நூறு அடி.

ஜூலை 3, புதன்

அவள் வந்தாள். பீடித் தட்டை விட்டுவிட்டு வந்தவள் என்று விரல் நுனியைப் பார்த்தாலே தெரிந்தது. உட்காரச் சொன்னேன். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்போ இருந்து இப்படின்னு நல்லா யோசிச்சுச் சொல்லு கனி."

"யோசிக்கதுக்கு என்ன இருக்கு டாக்டரம்மா. ரத்தம் எடுத்த அன்னைக்கி இருந்துதான்."

"ஏன் அப்பவே சொல்லல?"

முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நானும்லா காலப் பிடிச்சேன். என்னத்தச் சொல்ல? நீங்க ஆட்டிசம்னா இப்பிடித்தான்னு சொன்னீங்க. சரின்னு நம்பிக்கிட்டேன். அப்பிடி நம்புனா எனக்கும் லேசா இருந்துச்சு."

இரண்டு பேருக்குமே லேசாகத்தான் இருந்திருக்கிறது.

மார்ச்சுக்கு முன்னால் மூன்று வேளையும் அம்மா ஊட்டித்தான் ஆவுடை சாப்பிடுவாளாம். பருப்புச் சோறு உருட்டிக் கொடுத்தால் கிண்ணம் காலியாகும். இப்போது கையைக் கொண்டுபோனாலே வாயைப் பொத்திக்கொள்கிறாள். யார் கையால் கொடுத்தாலும் இதே கதைதான். தட்டில் போட்டு வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறாள். தானே உரிக்கிற வாழைப்பழம், தானே உடைக்கிற வேர்க்கடலை, ஓட்டோடு இருக்கும் அவித்த முட்டை, ஒட்டு பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். இவ்வளவுதான் அவள் சாப்பாடு.

"பெத்தவ கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்கா டாக்டரம்மா. நான் வெசமா வைக்கப் போறேன்?" என்று சொல்லி அழுதாள்.

எடை கேட்டேன். கிளினிக் தராசில்தான் ஏறமாட்டாள், மார்க்கெட் தராசு பிடிக்குமாம். சிவப்பு நம்பர் ஓடுவதைப் பார்க்க ஆசை. நேற்றுக் கத்தரிக்காய் மூட்டை போடுகிற தராசில் ஏற்றியிருக்கிறாள். 21.4.

ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. நான் 26.5 என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெட்ஷீட் பயத்தால் வந்த வினை என்று குறித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று கனியிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. "பாப்போம்மா, சரியாக்கிரலாம்" என்றுதான் வாயில் வந்தது. அவள் இதற்கும் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு என்னைச் சும்மா விடவில்லை.

ஜூலை 10, புதன்

இதை எழுதாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன்.

வகுப்பில் ஆவுடையைப் பற்றி மறுபடி சொன்னேன். "ஒரு கிளினிக்ல ரத்தம் எடுக்கிறதுக்காகப் பெட்ஷீட்ல சுருட்டி, நாலு பேர் பிடிச்சிருக்காங்க" என்றேன். ஒரு கிளினிக்! ஆளைச் சொல்லாமல் பேசத் தமிழ் எவ்வளவு உதவியாக இருக்கிறது.

தூத்துக்குடி டாக்டர் எபனேசர், சின்னப் பையன், கொதித்துவிட்டான். "எந்த மடையன் மேடம் அது? பத்து வயசுப் பொண்ண? அவன் மேல கம்ப்ளெயின்ட் குடுக்கணும்."

ஆளாளுக்கு அந்த முகம் தெரியாத டாக்டரை வைது தீர்த்தார்கள். அவன் எங்கே படித்தானோ, அவன் பிள்ளைக்கு இப்படிச் செய்வானா என்று கேட்டார்கள். நானும் "ஆமா, அவன் யோசிச்சிருக்கணும்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

டாக்டர் ரெஹானா மட்டும் யாரையும் வையவில்லை. "எடை இருபதுக்குக் கீழ போனா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாகணும் மேடம். மூக்கு வழியாக் குழாய் விட்டு உணவு குடுக்கணும். அதுக்கு மறுபடி நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். அதுக்கு முன்னாடி நமக்கு ஒன்றரைக் கிலோதான் இருக்கு" என்றார்.

ஜூலை 11, வியாழன்

ஜாடியை மேஜையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். எறும்பு வருகிறது.

ஜூலை 12, வெள்ளி

"மிட்டாய் எங்க?" என்று இன்று ஒன்பது பிள்ளைகள் கேட்டன. ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

டாக்டர் ரெஹானா கனியோடு வீடியோவில் இரண்டு தடவை பேசிவிட்டார். ஒவ்வொரு செவ்வாயும் ஆவுடைக்காக ஒரு உளவியலாளர் பேசுகிறார். ஆவுடை திரையைப் பார்ப்பதில்லை, ஆனால் அறையை விட்டுப் போவதும் இல்லையாம். யாரும் ஊட்டக் கூடாது. உரித்துச் சாப்பிடுகிற எதையும் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தொடும் முன் சொல்ல வேண்டும். வாசல் கதவைச் சாத்தக் கூடாது.

மார்க்கெட் தராசில் 20.7.

ஜூலை 24, புதன்

சொல்லிவிட்டேன்.

வகுப்பு தொடங்கியதும் மைக்கைப் போட்டு, "போன தடவை நீங்க எல்லாரும் திட்டின அவன் நான்தான்" என்றேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. பெட்ஷீட், நாலு பேர், கால்மணி நேரம், பார்க்காமல் எழுதிய எடை எல்லாவற்றையும் சொன்னேன்.

எபனேசர் தலையைக் குனிந்துகொண்டான். "மேடம், எங்க கிளினிக்லயும் சுருட்டுவோம்" என்றான். வேலூர்க்கார அம்மா ஒருவர் கேமராவை அணைத்துவிட்டார்.

டாக்டர் ரெஹானா நன்றி சொன்னார். ஆனால் விடவில்லை. "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல மேடம். போர்வைக்குப் பயப்படுறா, கதவுக்குப் பயப்படுறா, சரி. சாப்பாட்டுக்கு ஏன்? வாய் சம்பந்தமா அன்னைக்கு வேற ஏதாவது நடந்துச்சா?"

"நினைவில்லை" என்றேன்.

"அப்போ நினைவுல இருக்கிறதைப் படமாப் போட்டு அவகிட்டக் காட்டுங்க. பேசாத பிள்ளைக்கும் நடந்தது தெரியும். நடந்ததை யாரும் ஒத்துக்கிடலைங்கிறதும் தெரியும். தப்புப் பண்ணினவங்களே வந்து காட்டினா நல்லது."

ஜூலை 28, ஞாயிறு

அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோட்டு இல்லை, பை இல்லை, நூல் சேலை. புது டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிப் போயிருந்தேன். தெருவில் நான் இறங்கியதைப் பார்த்ததுமே ஆவுடை வீட்டுக்குள் ஓடினாள். தாடையில் அடிக்கிற சத்தம் எனக்கு வாசலில் கேட்டது. தராசைக் கனியிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன்.

வழியெல்லாம் அந்தச் சத்தம். பத்து வயதுப் பிள்ளை என்னைக் கண்டு தன்னை அடித்துக்கொள்கிறது. இந்த ஊரில் என்னை எல்லாருக்கும் பிடிக்கும் என்றல்லவா நான் இருந்தேன்!

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தெருவுக்கு எதிர்ப்பக்கம் கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தேன். கால்மணி நேரம். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடித்துக்கொள்ளவில்லை.

கனி வாசலில் வந்து சொன்னாள்: "20.3, டாக்டரம்மா."

ஆகஸ்ட் 7, புதன்

ஜெசிந்தாவின் மேற்பார்வையில் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். "டாக்டர், நீங்க கொக்கு மாதிரி நிக்கீங்க. அருளப்பன் அண்ணனுக்கு மூணு காலு" என்கிறாள். பல வாரங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் எதை வரைந்துகொண்டிருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டோம்.

மொத்தம் ஐந்து பக்கம். ஆவுடை கிளினிக்குக்கு வருகிறாள். பெட்ஷீட்டில் சுருட்டுகிறோம். நாலு பேர் பிடிக்கிறோம், கனியையும் சேர்த்து. அவளே தன்னையும் போடச் சொன்னாள். ஊசி. கடைசிப் பக்கத்தில் நான் மட்டும் நிற்கிறேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கீழே பெரிய எழுத்தில்: இது தப்பு. நான் செய்தேன். இனிமேல் செய்யமாட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று வீட்டு வாசல்படி வரை போனேன். கதவு அகலமாகத் திறந்திருந்தது. ஆவுடை உள்ளே சுவரோரம் உட்கார்ந்து அவித்த முட்டையின் ஓட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கை குச்சியாக இருந்தது. நான் படியிலேயே உட்கார்ந்தேன்.

"ஏட்டி ஆவுடை, டாக்டரம்மா ஒரு புஸ்தகம் கொண்டாந்திருக்காங்க. தொட மாட்டாங்க. அங்கனயேதான் இருப்பாங்க" என்றாள் கனி.

படங்களையும் கலர் பென்சில் டப்பாவையும் தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டேன். வெகு நேரம் அவள் தொடவில்லை. முட்டையைத் தின்று முடித்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

ஒவ்வொரு பக்கத்தையும் முகத்துக்கு அருகே பிடித்துப் பார்த்தாள். நாலு பேர் பிடிக்கும் பக்கத்தில் விரல் வைத்து, ஒவ்வோர் ஆளாகத் தொட்டாள். ஜெசிந்தா, அருளப்பன், நான். கடைசியாகக் காலைப் பிடித்திருந்த உருவம். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாட்டி, அம்மாதான். அம்மாவும் பிடிச்சேன்" என்றாள் கனி. அழக் கூடாது என்று உளவியலாளர் சொல்லியிருந்தார். அழாமல்தான் சொன்னாள்.

ஆவுடை முடித்துவிடுவாள் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். பக்கத்தைத் திருப்பி முன்னும் பின்னும் எதையோ தேடினாள். தாளைத் தூக்கி அடியில்கூடப் பார்த்தாள். பிறகு டப்பாவில் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். பெட்ஷீட்டில் சுருட்டியிருந்த பெண்ணின் வாயில், சின்னதாக, கவனமாக ஒரு வட்டம் போட்டாள்.

"மிட்டாய்" என்றாள்.

அவளிடம் இருக்கும் நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று. நான்தான் சொல்லிக்கொடுத்தது.

பன்னிரண்டு டாக்டர்களிடம் சொன்னபோதும் இதைச் சொல்லவில்லை. நினைவில்லை என்றேன். ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டி எறும்பு என்று எழுதினேன். படத்திலும் வரையவில்லை. பெட்ஷீட்டில் சுருட்டுவதை எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். மிட்டாய் என்னுடையது மட்டும். அவள் என்னை நம்பிக் கை நீட்டினாள், நான் அந்த நம்பிக்கையை வைத்து அவளைப் பிடித்தேன். ஒரு கை அன்பாக எதையாவது வாயில் வைத்தால், அடுத்து என்ன வரும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். அதை அவள் தன் அம்மாவின் கைக்கும் சேர்த்துக் கற்றுக்கொண்டாள்.

"ஆமா ஆவுடை. நான் மிட்டாய் குடுத்தேன். உன்ன ஏமாத்துறதுக்குத்தான் குடுத்தேன். அது தப்பு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சிவப்புப் பென்சிலைத் தரையில் என் பக்கம் உருட்டிவிட்டாள். தாளையும் தள்ளினாள். என்ன செய்யச் சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை. விரலால் அந்த வட்டத்தை இரண்டு தடவை தட்டினாள்.

வட்டத்துக்குள் சிவப்பைத் தீட்டினேன். கோட்டுக்கு வெளியே போகாமல், முழுவதுமாக. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீட்டி முடித்ததும் தாளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எடை 20.2.

ஆகஸ்ட் 12, திங்கள்

டாக்டர் ரெஹானாவுக்குப் போன் செய்து மிட்டாயைப் பற்றிச் சொன்னேன். "இப்பதான் எனக்கு வழி தெரியுது மேடம்" என்றார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இனிமேல் ஊசிக்கு முன்னால், "வலிக்கும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று உண்மையைச் சொல்வதாக ஏற்பாடு. பிள்ளைகள் முன்பைவிடக் கூடுதலாக அழுகின்றன. அழட்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

20.2. குறையவில்லை. கனி உருட்டி வைத்த சோற்றைத் தொடவில்லை. ஆனால் கனி சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாளாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே கனியின் போன். "டாக்டரம்மா, நேத்து நான் சாப்பிடும்போது என் கையப் பிடிச்சு, விரல் விரலா விரிச்சுப் பாத்தா. உள்ள ஒண்ணும் இல்லைன்னு ஆன பொறவு, என் தட்டுல இருந்து அவளே ஒரு உருண்ட எடுத்து வாயில போட்டுக்கிட்டா."

பிறகு போனேன். தராசில் ஆவுடை தானே ஏறி, சிவப்பு நம்பர் ஓடி நிற்கும் வரை குனிந்து பார்த்தாள். 20.6. படியில் உட்கார்ந்தபடியே நானும் பார்த்தேன்.

திரும்பும் வழியில் கிளினிக்கைத் திறந்து அவள் ஃபைலை எடுத்தேன். மார்ச், மே, ஜூன் எடைகளின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 'எடை பார்க்கவில்லை' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இன்றைய எடை. பார்த்து எழுதியது.

மார்ச் 14-க்கு நேராக இருந்த வரிக்குத்தான் நேரம் பிடித்தது. 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்பதைக் கோடு போட்டு அடித்தேன். அந்த இடத்தில் தமிழிலேயே எழுதினேன்: குழந்தை சிரித்துக்கொண்டு வந்து தானாகவே கை நீட்டினாள்.